வேலிக்கரைப் புலுனியை எண்ணிப் பழகுவோம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

மாரி தொடங்கினால் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் பூநாரை வந்துவிடும். அரியாலைக் கடனீரேரி, மண்டைதீவுப் பக்கம், சுண்டிக்குளம், அங்கால் மன்னார் வங்காலை என்று ஆண்டுதோறும் படங்கள். வரட்டும், நல்லது. ஆனால் பூநாரையைப் பார்க்க வாகனம் வேண்டும், நல்ல தொலைநோக்கி வேண்டும், ஒரு முழுநாள் வேண்டும். கிணற்றடி வாழைக்குக் கீழே சருகைப் புரட்டிக்கொண்டு நிற்கிற புலுனியைப் பார்க்க விறாந்தையில் ஒரு கதிரை போதும். அந்தப் பறவையைப் பற்றி உங்கள் பத்திரிகையில் ஒரு பத்திகூட வந்து நாங்கள் கண்டதில்லை. அதனால் எழுதுகிறோம். கடிதம் நீண்டுவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். குஞ்சைப் பற்றியும் குழை வெட்டுவதைப் பற்றியும் எழுதியிருக்கும் இடங்களில் மட்டும் கத்திரியை வைக்கவேண்டாம்.

முதலில் பெயர்க் குழப்பம். எங்கள் பக்கத்தில் புலுனி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தமிழ்நாட்டில் தவிட்டுக்குருவி என்பார்கள். சிங்களத்தில் தெமலிச்சா; ‘தெமல’ என்றால் தமிழ், அந்தப் பெயருக்குள்ளும் நாங்கள் வந்துவிட்டோம். ஆங்கிலத்தில் இன்று யெலோ பில்ட் பாப்ளர், அதாவது மஞ்சள் அலகுக்காரன். பழைய ஆங்கிலப் பெயர் ‘வெள்ளைத்தலை’ என்று பொருள்படும். இந்தப் பழைய பெயரால்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். இணையத்தில் தேடினால் வருகிற படங்களில் பெரும்பகுதி தென்னிந்தியாவில் எடுத்தவை. அங்குள்ள புலுனிக்குத் தலை வெளிறியிருக்கும், தொண்டையும் மார்பும் கருமை படர்ந்து புள்ளிபுள்ளியாகத் தெரியும். இலங்கைப் புலுனிக்கு அந்த வேறுபாடு இல்லை. தலை, முதுகு, மார்பு எல்லாம் ஏறக்குறைய ஒரே மங்கிய நிறம். 1845இல் பறவையியலாளர் ஜேர்டன் இந்தப் பறவைக்கு அறிவியற்பெயர் வைத்தார். 1958இல் இன்னொரு பறவையியலாளர் ரிப்ளி இலங்கைப் பறவையைத் தனி உள்ளினமாகப் பிரித்தார். படத்தில் இருப்பதும் வளவில் நிற்பதும் ஒன்றுபோல் இல்லையே என்று பிள்ளை கேட்டால் பிள்ளை சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அறிவியற்பெயரைக் கொண்டு தேடுபவர்கள் ‘ஆர்கியா அஃபினிஸ்’ என்று தேடவேண்டும். பழைய நூல்களில் ‘டர்டொய்டெஸ்’ என்ற பேரினத்துக்குள் இருக்கும், 2018இல் மாற்றினார்கள். இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இந்தப் பறவை இல்லை. பூநாரை ஆபிரிக்காவிலும் உண்டு.

அளவு மைனா அளவு. அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை ஏறக்குறைய 23 செ.மீ. உடல் சாம்பல் கலந்த மண்ணிறம், அலகும் காலும் வெளிர் மஞ்சள். கண் மட்டும் நீலம் பாய்ந்த வெள்ளை; அதனால்தான் எந்த நேரமும் யாரையோ முறைத்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். ஆணையும் பெண்ணையும் பார்வையால் பிரிக்க முடியாது, முயலவும் வேண்டாம். சிறகு குறுகி வட்டமாக இருப்பதால் நெடுந்தூரம் பறக்காது. நாலைந்து தரம் சிறகடிக்கும், மிச்சத் தூரத்தைச் சறுக்கிக்கொண்டே போய் அடுத்த பற்றைக்குள் விழும். நிலத்தில் நடப்பதில்லை, தத்தும். வால் தொளதொளவென்று கழன்று விழப்போவதுபோல் தொங்கும்.

வேறு பறவையை இதுவென்று நினைக்க இடம் குறைவு. மைனா பறக்கும்போது சிறகில் வெள்ளைத் திட்டுத் தெரியும். பெண் குயில் மிகப் பெரிது, உடல் முழுதும் புள்ளி, தனியாகப் பழமரத்தில் இருக்கும். வேலிக்குள் மறைந்திருந்து திடீரென்று கலகலத்துக் கத்தும் வெண்புருவக் கொண்டைக்குருவியைத்தான் சிலர் புலுனி என்று எழுதிவிடுகிறார்கள். அதற்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைக்கோடு உண்டு, கூட்டமாக நிலத்தில் இறங்கிச் சருகு கிளறாது. ஒரு பறவை மட்டும் தனியாக நிற்கிறது என்றால் அது புலுனிதானா என்று இன்னொரு தரம் பாருங்கள். புலுனி தனித்து நிற்பது அபூர்வம். ஏழு தொடக்கம் பத்து என்பது வழக்கமான கூட்டம்; அதற்குக் கூடவும் இருக்கலாம்.

இனி எண்ணுவது. பறவையோடு பழகுவதற்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது எங்கள் எண்ணம். ஆனால் எல்லோரும் பிழைவிடுகிற இடமும் இதுதான்.

நிலத்தில் இரைதேடும்போது எண்ணாதீர்கள். இரண்டு வாழைக்குப் பின்னால் இருக்கும், ஒன்று வேலிக்கு அங்கால் போயிருக்கும், முதலில் எண்ணியது தத்தித்தத்தி மற்றப் பக்கத்தால் வந்து இரண்டாந்தரமும் எண்ணுப்படும். எட்டைப் பார்த்து ஆறு என்று எழுதியவரும் உண்டு, பன்னிரண்டு என்று எழுதியவரும் உண்டு. எண்ணவேண்டிய இடம் ஒழுங்கை. ஒரு வளவிலிருந்து அடுத்த வளவுக்குப் போகும்போது புலுனிக்கூட்டம் ஒன்றாகப் பறக்காது. முதலில் ஒன்று வேலியின் மேற்கொப்புக்கு வந்து, அங்கும் இங்கும் பார்த்து, மற்றக்கரைக்குச் சறுக்கும். கொஞ்சம் இடைவெளி. பிறகு இன்னொன்று, பிறகு இரண்டு மூன்றாக. இப்படி வரிசையில் கடக்கும்போது எண்ணினால் பிழை வராது. படலையடியில் நின்றால் ஒழுங்கை இரண்டு பக்கமும் தெரியும். எட்டுப் பத்து மீற்றர் தள்ளி நில்லுங்கள்; அதற்குள் போனால் கடப்பதை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்துக் கத்தத் தொடங்கும்.

பெரும்பாலோர் கடைசிப் பறவையை விட்டுவிடுவார்கள். மற்றவை நிலத்தில் மேயும்போது ஒன்று உயரத்தில், கதியால் (வேலிக்கு நடுகிற உயிர்த்தடி) தலைப்பிலோ பூவரசங்கொப்பிலோ காவல் இருக்கும். காவற்காரன் மாறிமாறி வரும், ஆனால் காவல் ஒழியாது. கூட்டம் கடந்து முடிந்தது என்று நீங்கள் கொப்பியை மூடிய பிறகு, ஒரு நிமிடம் கழித்து, அந்தக் காவற்காரன் தனியாகக் கடப்பான். ஆகவே கடைசியாகக் கடந்ததன் பின் மூன்று நிமிடம் பொறுங்கள். மூன்று வெவ்வேறு நாள் எண்ணி, அதில் கூடிய தொகையைக் கூட்டத்தின் தொகையாக எடுங்கள். சராசரி எடுக்கவேண்டாம். பறவை மறைந்திருந்து தொகை குறையலாம்; இல்லாத பறவை எண்ணிக்கையில் சேராது.

நேரம் காலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில். வெயில் ஏறினால் நடுப்பகலில் அடர்ந்த மரத்துக்குள் ஒன்றுக்கொன்று தலை கோதிக்கொண்டு இருந்துவிடும்; அதுவும் பார்க்கவேண்டிய காட்சிதான், எண்ணுவதற்கு உதவாது. பலத்த சோளகக் காற்று அடிக்கும் நாளில் கூட்டம் வேலியை விட்டு அதிகம் வெளியே வராது, அன்று எடுத்த தொகையை நம்பவேண்டாம். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கவேண்டும். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாம் கறுப்பாகத் தெரியும், கண்ணின் நிறத்தைப் பார்க்க முடியாது.

கண்ணின் நிறம் ஏன் என்றால், வயதை அதுதான் காட்டும். முதிர்ந்த புலுனிக்கு வெள்ளைக் கண், இளையதற்குக் கருமை பாய்ந்த கண். அந்த எட்டுப் பத்து மீற்றரிலிருந்தே, எட்டு மடங்கு பெருப்பிக்கும் 8×42 தொலைநோக்கி இருந்தால் தெளிவாகத் தெரியும். இல்லாவிட்டால் கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். ‘மொத்தம் 9, கருங்கண் 2’ என்று எழுதினால் அந்தக் கூட்டம் அண்மையில் குஞ்சு வளர்த்திருக்கிறது என்பது ஒரு வரியில் பதிவாகிவிடும். இன்னொரு குறிப்பு: வழக்கமாக ஒன்பது கடக்கிற கூட்டத்தில் இரண்டு கிழமையாக எட்டு மட்டுமே கடந்தால் பறவை செத்துவிட்டது என்று எழுத அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் ஒன்று அடையில் இருக்கும்.

கூட்டத்தின் எல்லையை அறிய ஒரு ஏ4 தாள் போதும். ஒழுங்கை, கிணறு, மதில், பெரிய மரங்கள், கோயில் மதிற்சுவர் இவற்றை மட்டும் கீறுங்கள். காலையில் அரைமணி நேரம், பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி, கூட்டம் அந்த நேரத்தில் எங்கே நிற்கிறதோ அங்கே. பத்து நாளில் முப்பது நாற்பது புள்ளி விழும். புள்ளிகள் ஒரு இடத்தில் சட்டென்று நின்றுவிடும். அங்கால் வேறு கூட்டத்தின் காணி. எல்லையில் இரண்டும் சந்திக்கும் காலையில் வருகிற சத்தத்தைக் கேட்டால், எங்களுடைய எல்லைக் கதியால் வழக்குகள் நினைவுக்கு வரும்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் ‘புலுனிமாதிரிக் கத்தாதே’ என்பது எங்கள் வீட்டு வசவு. மேயும்போது மெல்லிய, நடுங்குகிற, எண்ணெய் போடாத கப்பியில் கயிறு ஓடுவதுபோன்ற ‘கிறீச்’ ஓசை ஓயாமல் வரும். நீ எங்கே, நான் இங்கே என்று ஒன்றையொன்று தொடுத்து வைத்திருக்கிற ஓசை அது. அது சட்டென்று நின்று, எல்லாம் ஒரே பாய்ச்சலில் பற்றைக்குள் விழுந்து, அமைதி என்றால் வானத்தைப் பாருங்கள், வல்லூறு வட்டமிடும். மாறாக, எல்லாம் ஒரு இடத்தைச் சுற்றி வந்து, கீழே பார்த்து, விடாமல் உரத்துக் கத்தினால் நிலத்தில் ஏதோ இருக்கிறது. பூனையாக இருக்கலாம், பாம்பாகவும் இருக்கலாம். வளவில் பிள்ளைகள் விளையாடும் வீட்டுக்காரர் இந்த இரண்டாவது சத்தத்தைப் பழகிக்கொண்டால் நல்லது. கத்துகிற பறவைக்குக் கல் எறிபவர், அது காட்டித் தருகிற பாம்பைப் பார்ப்பதில்லை.

மாலையில் அடையும் இடத்தைக் கண்டுபிடித்தால் எண்ணிக்கை இன்னும் சுலபம். பொழுதுபடுவதற்குச் சற்று முன் கூட்டமாகத் தண்ணீரில் குளிக்கும், பிறகு ஒரு அடர்ந்த மாமரத்துக்கோ தேசிமரத்துக்கோ போகும். ஒரே கொப்பில் தோளோடு தோள் முட்டி வரிசையாக இருக்கும். ஓரத்தில் இருப்பவை எழுந்து வந்து நடுவுக்குள் புகப்பார்க்கும், தள்ளுமுள்ளு கொஞ்ச நேரம் நடக்கும். அது அடங்கியதும் எண்ணிவிடலாம். இருட்டிய பின் ரோர்ச் அடிக்கவே கூடாது. வெருண்டு சிதறினால் இருளில் திரும்பச் சேரமுடியாது, மரநாய்க்கும் ஆந்தைக்கும் பூனைக்கும் இரையாகும்.

கூடு பற்றி அதிகம் எழுதவில்லை, தேடிப் போகவேண்டாம் என்பதற்காக. புல்லாலும் வேராலும் செய்த சிறு கிண்ணம், மரக்கவட்டில், இலைச்செறிவுக்குள். இரண்டு தொடக்கம் நாலு முட்டை, நீலப்பச்சை நிறம். 14 தொடக்கம் 16 நாளில் பொரிக்கும். குஞ்சுக்குத் தாயும் தகப்பனும் மட்டும் இரை கொடுப்பதில்லை, கூட்டத்தில் உள்ள மற்றவையும் கொடுக்கும். ஆண்டின் எந்த மாதத்திலும் கூடு இருக்கலாம். அடைக்கலக் குருவிக்கு முட்டி கட்டுவதுபோல் புலுனிக்கும் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது முட்டிக்குள்ளோ பெட்டிக்குள்ளோ புகாது. கவடு விட்ட செடிதான் அதற்கு வேண்டும்.

கறுப்பும் வெள்ளையுமாய், தலையில் கொண்டையோடு ஒரு பறவை புலுனிக்கூட்டத்தின் பின்னால் திரிவதைக் கண்டால் அது சுடலைக்குயில். புலுனியின் கூட்டில் அதே நீலப்பச்சை நிறத்தில் முட்டை இட்டுவிட்டுப் போய்விடும். பிறகு தம்மைப்போலில்லாத ஒரு பிள்ளையைப் புலுனிகள் சூழ்ந்து நின்று ஊட்டுவதைக் காணலாம். கூட்டை ‘திருத்த’ வேண்டாம். இரண்டும் இந்த மண்ணின் பறவைகள்.

இனிக் குஞ்சு. ‘கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு’ என்று வீட்டுக்குள் கொண்டுவரப்படுபவற்றில் பெரும்பாலானவை விழுந்தவை அல்ல. புலுனிக்குஞ்சு நன்றாகப் பறக்க முன்னரே கூட்டை விட்டு இறங்கிவிடும். உடலில் இறகு மூடியிருக்கும், வால் மட்டும் ஒரு கட்டை விரல் நீளத்துக்கு இருக்கும், வாயோரம் இன்னும் தடித்திருக்கும். இந்த நிலையில் அதைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும். நிலத்தில் நின்றால் கையால் எடுத்து, வேலிக்குள் நெஞ்சளவு உயரத்தில், இலை மறைத்த ஒரு கொப்பில் வைத்துவிடுங்கள். நாயைக் கட்டுங்கள், பூனையை வீட்டுக்குள் விடுங்கள், நீங்களும் பத்துப் பதினைந்து மீற்றர் விலகுங்கள். குஞ்சு கத்தும், கூட்டம் வரும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் வராது. பிறகு ‘தாய் கைவிட்டுவிட்டது’ என்று முடிவுகட்டி வீட்டுக்குள் கொண்டுபோவீர்கள். மனிதக் கை பட்டால் பறவை ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு. இறகே முளைக்காத குஞ்சு என்றால் கூட்டைத் தேடி அதற்குள் வைக்கவேண்டும். கூடு சிதைந்திருந்தால் ஒரு சிரட்டையில் அடியில் இரண்டு துளையிட்டு, காய்ந்த புல் வைத்து, அதே கவட்டில் கட்டிவிடலாம். துளை இல்லாவிட்டால் ஒரு மழைக்கே நிரம்பிக் குஞ்சு செத்துவிடும். பால் கொடுக்காதீர்கள். அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். நாக்கின் வேர்ப்பக்கத்தில் திறந்திருக்கும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி அங்கேயே முடிந்துவிடும். அன்போடு செய்து கொன்ற குஞ்சுகள்தான் அதிகம்.

கிணற்றடித் தொட்டியும் குஞ்சை விழுங்கும். சீமெந்துச் சுவர் வழுக்கும், ஏற முடியாது. ஒரு பனைமட்டையைத் தொட்டிக்குள் சரிவாகச் சாத்திவிட்டால் போதும். கருக்கு இருந்தால் இன்னும் நல்லது, பிடித்து ஏறும்.

குழை வெட்டு. மழைக்கு முன் வேலி கத்தரிப்பதும், கதியால் போடுவதும், பூவரசங்குழையும் கிளுவைக்குழையும் தோட்டத்துக்குப் பசளையாகத் தாழ்ப்பதும் எங்கள் ஊர் வழக்கம். ஆட்டுக்குக் குழை ஒடிப்பது நாளாந்தம். வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை, அந்த வெட்டினால்தான் வேலி அடர்த்தியாகத் தளிர்க்கிறது. முழு வேலியையும் ஒரே நாளில் மொட்டையடிப்பதுதான் கேடு. முப்பது மீற்றர் வேலி என்றால் பத்துப் பத்தாகப் பிரித்து, மாதத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். கொக்கத்தடியைத் தூக்குவதற்கு முன் காலையில் கால்மணி நேரம் நின்று பாருங்கள். வாயில் புழுவோடு ஒரு புலுனி திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குள் புகுந்தால் அங்கே கூடு. அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு மீற்றர் விட்டுவிட்டு மற்றதை வெட்டலாம். முட்டை விரிய இரண்டு கிழமைக்குச் சற்றுக் கூட, குஞ்சு இறங்க இன்னும் ஏறக்குறைய இரண்டு கிழமை. ஒரு மாதம் பொறுத்தால் அந்த நாலு மீற்றரையும் எடுத்துவிடலாம். கூட்டுக்கு மேலே உள்ள கொப்பை மட்டும் வெட்டுவதும் கூட்டை வெட்டுவதும் ஒன்றுதான். வெயில் நேரே பட்டால் குஞ்சு தாங்காது, காகத்துக்கும் வழி திறந்துவிடும்.

புலுனியின் சமையலறை வேலிக்குக் கீழுள்ள சருகுதான். வெட்டுக்கிளி, புழு, கறையான், சிலந்தி, சிலவேளை ஓணான் குஞ்சு என்று எல்லாவற்றையும் அங்கேதான் எடுக்கிறது. ஒதியம்பழம், பப்பாசி, முள்முருக்கம்பூத் தேன் இவையெல்லாம் மேலதிகம். முற்றம் கூட்டாத வீடும் வீடா என்று கேட்பவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. முற்றத்தைக் கூட்டுங்கள், கூட்டியதைக் கொளுத்தாமல் வேலிக்கரையில் தள்ளுங்கள். ஒரு மீற்றர் அகலம், இரண்டு மூன்று விரற்கடை தடிப்பு. அதற்கு மேல் குவித்தால் அடிச்சருகு புழுங்கி நாறும், எலியும் குடிவரும். பறவையாலும் புரட்ட முடியாது. கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம் போன்ற செம்மண் பகுதியில் சருகு தானாகவே ஈரம் பிடித்துப் பூச்சி சேரும். மணற்பாங்கான ஊர்களில் காய்ந்து கடதாசிபோல் கிடக்கும். கோடையில் கிழமைக்கு ஒரு தரம் ஒன்றிரண்டு வாளித் தண்ணீர் தெளித்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் புலுனி கிளறத் தொடங்கும்.

பாம்பு வரும், நுளம்பு வரும் என்பார்கள். வீட்டுச் சுவரிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் தள்ளி, பின்வேலிக் கரையில் மட்டும் சருகை விடுங்கள். நுளம்பு பெருகுவது சருகுக்குள் மறைந்து கிடக்கிற சிரட்டையிலும் யோகட் கோப்பையிலும் ரயரிலும் பொலித்தீன் மடிப்பிலும். அவற்றைப் பொறுக்கி எடுங்கள். விழுந்த வாழை மடலும் குழிந்த பலா இலையும் தண்ணீர் பிடிக்கும், அவற்றைக் கவிழ்த்துவிடுங்கள்.

தண்ணீர்ச் சட்டி வைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அகன்ற மண்சட்டி, வாய் 40 செ.மீ. அளவு, தண்ணீர் 3 செ.மீ.; 5 செ.மீ.க்கு மேல் வேண்டாம். புலுனி கூட்டமாய்க் குளிக்கும், சின்னச் சட்டியில் சண்டைதான் வரும். பழைய தாச்சி வெயிலில் கொதிக்கும், பிளாஸ்ரிக் பேசின் வழுக்கும். வேறு வழியில்லாவிட்டால் அடியில் கூழாங்கல் பரப்புங்கள். சட்டியைச் சுற்றி இரண்டு மீற்றர் வெளியாக இருக்கவேண்டும், அதற்கப்பால் ஒரு பற்றை. பற்றைக்கு ஒட்டி வைத்தால் பூனை பதுங்க வசதி, நட்டநடு முற்றத்தில் வைத்தால் பறவை வராது. தண்ணீரைத் தினமும் மாற்றவேண்டும், மாற்றினால் மட்டும் போதாது. டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிர்தாங்கும். தண்ணீர் பட்டால் ஏழு தொடக்கம் பத்து நாளில் நுளம்பாகப் பறக்கும். ஆகவே இரண்டு நாளைக்கு ஒரு தரம் தேங்காய்ப் பொச்சால் சுவரை உரஞ்சி, ஒரு மணி நேரம் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். சவர்க்காரம் வேண்டாம். ஐப்பசி பிறந்து மழை விடாது பெய்யத் தொடங்கினால் சட்டியையே எடுத்து வைத்துவிடலாம். அப்போது பறவைக்கும் அது தேவையில்லை, வீட்டுக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு வாதாடவும் தேவையில்லை.

வேலியை எடுத்து மதில் கட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. மதில் கட்டியதற்காகப் புலுனி கோபிக்காது, மதிலோரத்தில் சீமெந்து பூசியதற்காகத்தான் போய்விடுகிறது. மதிலிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே செவ்வரத்தை, மாதுளை, கறிவேப்பிலை, தேசி என்று கலந்து, 75 செ.மீ. இடைவெளியில் நட்டு, அடியில் மண்ணை மண்ணாக விடுங்கள். தேசிமுள் கூட்டுக்கு நல்ல காவல்.

தோட்டத்துக்குப் பழைய மீன்வலை கட்டுபவர்கள் அதை இறுக்கிக் கட்டவேண்டும். தொய்ந்த வலையில்தான் பறவையின் கால் சிக்கும். சிக்கியதை எடுக்கும்போது முதலில் ஒரு துணியால் தலையை மூடுங்கள், அடங்கிவிடும். பிறகு நூலைக் கத்தரிக்கோலால் காலிலிருந்து தொடங்கி வெட்டுங்கள். இழுத்தால் கால் ஒடியும். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் மருந்தடித்த பாத்தியில் துடித்துக்கொண்டு விழுகிற புழுவைத்தான் புலுனி முதலில் பொறுக்கும். புழு தின்ற மருந்து அதற்குள்ளும் போகும். மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தன் உருவத்தோடு சண்டை பிடித்து அலகைப் புண்ணாக்கிக்கொள்ளும் புலுனிக்கு மருந்து ஒரு பழைய காலுறை. வண்டியை நிறுத்தியதும் கண்ணாடியில் மாட்டிவிடுங்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு கோரிக்கை. மாணவர் பக்கத்தில் மாதம் ஒரு தடவை ஒரு சிறு கட்டம் போடுங்கள். திகதி, நேரம், ஊர், ஒழுங்கையைக் கடந்த தொகை, அதில் கருங்கண் எத்தனை. இந்த ஐந்து நிரல் போதும். பிள்ளைகள் நிரப்பி அனுப்பட்டும், அடுத்த மாதம் ஊர்வாரியாக அச்சிடுங்கள். ‘நிறைய’, ‘சில’ என்று எழுதியவற்றைச் சேர்க்கவேண்டாம், எண் வேண்டும். ஒரு புலுனியும் கடக்காத காலையும் பதிவுதான். 0 என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஊர்ப் பெயர் போதும், வீட்டு விலாசம் தேவையில்லை.

இப்படிக்கு,
பறவை அவதானிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.